காரைக்காலில் 1790: புரட்சியின் உரிமைகள் யாருக்கு?

பாரிசில் 1795 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட பிரெஞ்சு அரசியல் சாசனத்தின் ஏழாம் பிரிவில் காரைக்காலின் பெயர் இருக்கிறது. காலனிகள் குடியரசின் பிரிக்க முடியாத அங்கங்கள், அவற்றுக்கும் தாய்நாட்டுக்கும் ஒரே அடிப்படைச் சட்டம்தான் என்று ஆறாம் பிரிவு அறிவிக்கிறது. அடுத்த பிரிவு அவற்றைப் பட்டியலிடும்போது புதுச்சேரி, சந்திரநாகூர், மாஹே ஆகியவற்றோடு காரைக்காலையும் சொல்கிறது. மன்னனின் தலையை வெட்டிய ஒரு குடியரசு, காவிரிக் கடைமடையில் கிடந்த ஒரு சிறு துறைமுகத்தைத் தன் உடலின் பகுதி என்று எழுதிவைத்தது.

அப்படி எழுதப்பட்ட நாளில் காரைக்காலில் பறந்தது ஆங்கிலேயர் கொடி. 1793-ல் இழந்த ஊர் 1817-ல்தான் பிரான்சின் கைக்குத் திரும்பியது. இடையில் 1799-ன் சாசனம் வந்து, காலனிகளைத் தனிச் சட்டங்களே ஆளும் என்று பழைய வாக்குறுதியை ரத்து செய்துவிட்டது. ஆக, காரைக்கால்காரர் ஒருவர் பாரிசில் இருப்பவரோடு சட்டத்தின் முன் சமமாக இருந்த அந்த நான்கு ஆண்டுகளில், அந்தச் சட்டம் ஒரு நாள்கூட அவர் ஊரில் நடப்பில் இல்லை.

முடியாட்சிக்கு எதிரான புரட்சிகளையும் அவை பேசிய உரிமைகளையும் ஒப்பிடும் நூல்கள் பெரும்பாலும் லண்டன், பிலடெல்பியா, பாரிஸ் என்ற தடத்தில் போகும். அண்மைக் காலத்தில் ஹெய்தியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு புரட்சி கப்பலேறி, அதன் மொழி தெரியாத, அது எதிர்த்த மன்னனை ஒருபோதும் பார்த்திராத மக்களிடம் வந்து சேரும்போது அதன் உரிமைகளுக்கு என்ன ஆகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. காரைக்கால் அதற்கு நல்ல சோதனைக்களம்.

இரண்டு பழைய பார்வைகள்

பிரெஞ்சிந்தியாவில் புரட்சி பற்றி எழுதியவர்களிடம் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஆசியாவில் முதன்முதலாக மக்களாட்சியின் காற்று வீசியது புதுச்சேரியில்தான் என்று பெருமை கொள்வது ஒன்று. ஐரோப்பியர்கள் தங்களுக்குள் நடத்திய பதவிச் சண்டைக்குப் புரட்சி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், தமிழருக்கு அதில் வேலையில்லை என்று ஒதுக்குவது மற்றொன்று. மார்கரித் லபெர்னதியின் நூல் சபைக் குறிப்புகளையும் ஆளுநர் கடிதங்களையும் பின்தொடர்கிறது. எஸ். பி. சென் 1763 முதல் 1816 வரையிலான பிரெஞ்சு அரசியலை எழுதும்போது அதிகாரப் போட்டிக்கே முதலிடம் தருகிறார். இரண்டு நூல்களிலும் பேசுபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்களே அதிகம் எழுதிவைத்தவர்கள் என்பதால் இது இயல்புதான்.

தமிழ்ச் சான்றும் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் நயினார் என்ற காவல் பொறுப்பை வகித்த குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை ஓடுகிறது. ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்திருக்கிறார். முன்னோடி நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் புகழில் பத்தில் ஒரு பங்கும் இந்த நூலுக்குக் கிடைக்கவில்லை. எழுதியவர் ஊர்க்காவல் பார்த்தவர், ஆகவே புரட்சியை ஊர் ஒழுங்கின் பக்கமிருந்து பார்க்கக்கூடியவர். அந்தப் பார்வைக்கு அதற்குரிய குறையும் உண்டு: தெருவில் நடப்பது தெரியும், சேரியில் நடப்பது தெரியாது.

விலைக்கு வந்த ஊர்

காரைக்கால் பிரான்சிடம் போனது பிரெஞ்சுக்காரர் நடத்திய போரினால் அல்ல. தஞ்சை மராட்டிய அரசுரிமைச் சண்டையில் சாகுஜிக்குப் பணமும் ஆயுதமும் தேவைப்பட்டன. 1738-ல் அவர் பிரெஞ்சு கம்பெனிக்குக் காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சில ஊர்களையும் தருவதாக ஒப்புக்கொண்டார், அரியணை ஏறியதும் பின்வாங்கினார். 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான சந்தா சாகிபின் படை ஊரைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தது. தஞ்சை மன்னர் பிரதாப்சிங்குடன் 1749-ன் இறுதியில் ஏற்பட்ட உடன்படிக்கை ஊர்களின் எண்ணிக்கையை 81 ஆக உயர்த்தியது.

நம் கேள்விக்கு இந்த வரலாறு இரண்டு காரணங்களால் முக்கியம். முதலாவது, காரைக்கால் உழவனுக்கு 'மன்னன்' என்ற சொல் நினைவூட்டியது வெர்சாய் அரண்மனையில் இருந்தவரை அல்ல, தஞ்சாவூரில் இருந்தவரை. அந்த மன்னன் ஊரை விற்றுவிட்டுப் போய்விட்டார். பதினாறாம் லூயி கீழே இறக்கப்பட்டதால் திருநள்ளாற்றுக் களத்துமேட்டில் எந்த அளவும் மாறியிருக்காது.

இரண்டாவது, உரிமை என்பது டெல்டாவில் புதிய சரக்கு அல்ல. காணியாட்சி, மிராசு, மானியம், மேல்வாரம், குடிவாரம், கோயில் முதல்மரியாதை என்று உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவை செப்பேட்டிலும் ஓலையிலும் எழுதப்பட்டன, விற்கப்பட்டன, வழக்காடப்பட்டன. ஆனால் அத்தனையும் ஒரு ஊரில், ஒரு குலத்தில், ஒரு கோயிலில் ஒட்டிக்கொண்டிருந்தவை. மனிதனாகப் பிறந்ததாலேயே ஒருவனுக்கு வரும் உரிமை என்ற ஒன்று அந்த அடுக்கில் இல்லை. அடுக்கின் அடியில், எந்த உரிமையும் இல்லாமல், நிலத்தோடு கைமாறும் பண்ணையாள் இருந்தார். கடற்கரையில் அவர் நிலை இன்னும் மோசம். பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்கள் அடிமைகளாக மொரீசியஸ், ரெயூனியன் தீவுகளுக்கு ஏற்றப்பட்டார்கள். ஆள்பிடித்து விற்கும் கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1743-லேயே எழுதியிருக்கிறார்.

1790-ல் நடந்தது

பாரிசில் 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித, குடிமக்கள் உரிமை அறிக்கைக்குப் பதினேழு பிரிவுகள். பிரான்சில் நிகழ்ந்த மாற்றங்களின் செய்தி 1790-ன் தொடக்கத்தில்தான் கப்பல் வழியாகப் புதுச்சேரிக்கு வந்தது. மார்ச்சில் வெள்ளையர்கள் கூடிக் குழு அமைத்தார்கள், பின்னர் காலனிச் சபை உருவானது, காரைக்கால் வெள்ளையருக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆளுநர் தெ ஃப்ரேன் மோதாமல் வளைந்து கொடுத்ததால் புதுச்சேரியில் ரத்தம் சிந்தவில்லை. சந்திரநாகூரில் கதை வேறு. அங்கே ஆளுநர் மொந்திஞியைத் துரத்திச் சிறைப்பிடித்தார்கள், கடைசியில் அவரை மீட்டது வங்காளத்து ஆங்கிலேய ஆட்சி. பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாக லூயி மொனெரோன் பாரிஸ் தேசிய சபையில் உட்கார்ந்தார்.

சபை அமைத்த வெள்ளையர்களுடைய குறை என்ன என்று பார்ப்பது பயன் தரும். புரட்சிக்குச் சற்று முன் புதுச்சேரியின் படைவீரர்களைப் பிரெஞ்சு அரசு மொரீசியசுக்குத் திரும்பப் பெற்றிருந்தது. கோட்டை பாழ். ஆங்கிலேயர் ஒரு நாள் நடை தொலைவில். வணிகத்தில் கம்பெனியின் ஏகபோகம் வேறு, 1790 ஏப்ரலில் தேசிய சபை ரத்து செய்யும் வரை கழுத்தை நெரித்தது. மனிதனின் இயற்கை உரிமை பற்றிப் பேசினார்கள்தான், ஆனால் கோட்டை, படை, கடன், பதவி இவற்றைப் பற்றியே அதிகம் பேசினார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிரான்சிலும் ரொட்டி விலைதான் பெண்களை வெர்சாய்க்கு நடக்கவைத்தது. வேறுபாடு இது: ரொட்டிக்காக நடந்தவர்கள் ஊரில் பெரும்பான்மையோர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுபான்மை.

காலக்கணக்கும் கவனிக்கத்தக்கது. பிரான்சில் முடியாட்சி ஒழிந்தது 1792 செப்டம்பரில், மன்னர் கொல்லப்பட்டது 1793 ஜனவரியில். அச்செய்தி இங்கே வந்தபோது ஆங்கிலேயரோடு போர் மூண்டுவிட்டது. 1793 ஆகஸ்டில் புதுச்சேரி சரணடைந்தது. அதே ஆண்டு கோடையில் பாரிசில் எழுதப்பட்ட இரண்டாம் உரிமை அறிக்கை கல்வியையும் பொது உதவியையும் சமூகத்தின் கடன் என்றது. 1794 பிப்ரவரியில் குடியரசு அடிமைமுறையை ஒழித்தது. இவை எதுவும் சட்டமாகக் காரைக்கால் கரையில் இறங்கவில்லை. ஆகவே காரைக்காலுக்கு வந்த புரட்சி, மன்னரை இன்னும் வைத்துக்கொண்டிருந்த, சொத்துடையவனுக்கு மட்டும் வாக்குரிமை அளித்த 1791-ன் புரட்சி. அந்த 1791 சாசனமோ, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு உடைமைகள் இதில் அடங்கா என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

வாசலில் நின்றவர்களின் மனுக்கள்

சபைக்கு வெளியே நின்ற இரண்டு குழுக்கள் மனு கொடுத்தன. அந்த மனுக்களைத்தான் நான் 1790-ன் முக்கிய ஆவணங்களாகக் கருதுகிறேன்.

ஒன்று தொப்பாஸ் எனப்பட்ட கலப்புக் குடியினருடையது. தமிழில் சட்டைக்காரர் என்று சொல்லப்பட்டவர்களில் இவர்களும் அடக்கம். வாக்காளர் பட்டியலில் தங்களைச் சேர்க்காததை எதிர்த்து இவர்கள் முறையிட்டார்கள். ஏட்ரியன் கார்ட்டன் இந்த விவாதத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் காட்டுவதன் சாரம்: தோல் நிறத்தை வைத்து எங்களை எடை போடாதீர்கள், நாங்கள் சுதந்திரப் பிறவிகள், எங்கள் மதமும் நடையுடையும் உங்களுடையவையே என்பதுதான் அவர்கள் வாதம். துணிச்சலான வாதம்தான். ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. நடையுடையால் குடிமகன் ஆகலாம் என்றால், வேட்டி கட்டியவன் ஆக முடியாது என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. பாரிஸ் தேசிய சபை 1791 மே மாதத்தில் சுதந்திரமான பெற்றோருக்குப் பிறந்த நிறத்தவருக்கும், 1792 ஏப்ரலில் சுதந்திரமான நிறத்தவர் அனைவருக்கும் அரசியல் உரிமை தந்தது. அங்கேயும் கோடு 'சுதந்திரமான' என்ற இடத்தில்தான் விழுந்தது.

மற்றொன்று புதுச்சேரித் தமிழர்களின் குறைமனு. அதன் போக்கு வேறு. தங்கள் வழக்கங்கள் காக்கப்பட வேண்டும், நீதியும் வரியும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இதைப் படித்து, தமிழர் புரட்சியைப் புரிந்துகொள்ளவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனு எழுதியவர்கள் சாதித் தலைவர்களும் வணிகர்களும். அவர்களுக்குப் பழைய அடுக்கில் இடம் இருந்தது. எல்லோரும் சமம் என்ற அறிக்கை வெள்ளையனுக்கு எதிராக அவர்களுக்கு உதவும், அதே கணத்தில் பண்ணையாளுக்கு எதிரில் அவர்களை நிராயுதபாணியாக்கும். அதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கக்கூடும். வழக்கத்தைக் கேட்டது அறியாமையால் அல்ல, கணக்கோடுதான் என்பது என் ஊகம். பண்ணையாளின் மனு எதுவும் அந்தக் கட்டில் இல்லை.

பிற புரட்சிகளின் பக்கத்தில் வைத்தால்

1688-ல் இங்கிலாந்து தன் மன்னரை மாற்றியது. அடுத்த ஆண்டு வந்த உரிமைச் சட்டம் புதிய உரிமை எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நாடாளுமன்றத்தின் இசைவில்லாமல் வரி கூடாது, மன்னரிடம் மனு கொடுப்பவனைத் தண்டிக்கக் கூடாது, இவை எங்கள் பழைய உரிமைகள் என்றது. 1776-ன் அமெரிக்கர்கள் அங்கிருந்து தொடங்கி, படைத்தவன் தந்த உரிமை என்ற இடத்துக்குத் தாவினார்கள், அடிமைகளை மட்டும் தாண்டவிடாமல். பிரெஞ்சு அறிக்கை நாடு, மரபு, கடவுள் எதையும் நம்பி நிற்காமல் மனிதன் என்ற பெயரிலேயே பேசியது. அதன் கடைசிப் பிரிவு சொத்தைப் புனிதமானது என்கிறது. அந்தப் பிரிவு அங்கே இருப்பதை அடிமை வைத்திருந்த தோட்ட முதலாளிகள் தவறாமல் வாசித்தார்கள்.

இந்த வரிசையில் புதுச்சேரித் தமிழரின் குறைமனு 1789-ன் பாரிசுக்கு அருகில் அல்ல, 1689-ன் லண்டனுக்கு அருகில் நிற்கிறது. இரண்டும் உள்ளதைக் காக்கக் கேட்டவை, இரண்டும் மேலடுக்கின் குரல். லண்டனில் அந்தக் குரலுக்குப் பின்னால் நாடாளுமன்றமும் படையும் இருந்தன. இங்கே மனு மட்டும்தான்.

ஹெய்தியோடு ஒப்பிட்டால் இன்னும் கூர்மையாகத் தெரியும். அதே பிரெஞ்சுப் பேரரசு, அதே அறிக்கை, அதே விதிவிலக்குகள். 1791 ஆகஸ்டில் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794-ன் ஒழிப்புச் சட்டத்தைப் பாரிசின் பெருந்தன்மை என்று சொல்வது பாதி உண்மை, களத்தில் அடிமைகள் ஏற்கெனவே வென்றிருந்ததைச் சபை ஏற்றுக்கொண்டது என்பது மீதி. 1802-ல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஹெய்தி பணியவில்லை, 1804-ல் தனி நாடாயிற்று. காரைக்காலில் ஏன் அப்படி எதுவும் நிகழவில்லை? கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகள் ஒரே முதலாளிக்கு எதிரில் திரண்டிருந்தார்கள். டெல்டாவில் பண்ணையாள் ஊர்தோறும் சிதறி, கடனாலும் சாதியாலும் வெவ்வேறு மிராசுதாரிடம் கட்டுண்டிருந்தார். அவருடைய எசமான் பிரெஞ்சுக்காரரும் அல்ல. வெள்ளையனை எதிர்த்த புரட்சியும் வெள்ளையன் நடத்திய புரட்சியும் அவர் வாழ்வைத் தொடவில்லை.

மைசூரைப் பற்றியும் ஒரு சொல். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1797-ல் பிரெஞ்சு வீரர்கள் யாக்கோபின் கழகம் நிறுவினார்கள், சுதந்திர மரம் நட்டார்கள், அவரைக் 'குடிமகன் திப்பு' என்றார்கள் என்ற செய்தி பரவலாக எழுதப்படுகிறது. இதற்கான ஆவணங்கள் 1799-ல் கோட்டை வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வெளியிட்டவை. திப்புவோடு போர் தொடுத்ததை நியாயப்படுத்தும் தேவை அவர்களுக்கு இருந்தது, ஆகவே எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையாகவே இருந்தாலும் அது ஒரு சுல்தானின் படைக்கூட்டணி பற்றிய செய்தி. குடிகளின் உரிமை பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

பக்கத்துத் தஞ்சாவூரில் முடியாட்சி போன விதம் இதைவிடச் சப்பென்றிருந்தது. 1799-ல் இரண்டாம் சரபோஜி ஆட்சியை ஆங்கிலேயக் கம்பெனியிடம் ஒப்படைத்தார், 1855-ல் ஆண் வாரிசு இல்லை என்று பட்டமும் முடிக்கப்பட்டது. தெருவில் யாரும் இறங்கவில்லை, உரிமை அறிக்கை எதுவும் எழுதப்படவில்லை.

காலணியும் வாக்குச்சீட்டும்

1817-ல் திரும்பி வந்த பிரான்ஸ், மறுபடியும் மன்னரின் பிரான்ஸ். 1819-ல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே அறிவிக்கப்பட்டன, கூடவே இந்தியர்களுக்கு அவர்கள் வழக்கப்படியே நீதி என்ற உறுதியும் தரப்பட்டது. 1790-ன் குறைமனு கேட்டது இதுதான். புரட்சி கொடுக்காததை மீண்டு வந்த முடியாட்சி கொடுத்தது.

1848-ல் இரண்டாம் குடியரசு அடிமைமுறையை இறுதியாக ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. காரைக்கால் கூலி ஏற்றும் துறைமுகமாயிற்று. 1853-ல் 'ஒரேலி' கப்பல் மார்த்தினீக்கில் முதல் தமிழ்க் கூலிகளை இறக்கியது. 1861-ன் ஆங்கில–பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் ஆள்சேர்ப்பு இன்னும் முறைப்பட்டது. தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள் எல்லை கடந்து காரைக்காலுக்கு வந்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார். விடுதலைச் சட்டம் ஒரு கரையில் அவிழ்த்த கயிற்றின் மறுமுனையில் இந்தக் கரைக்காரர் கட்டப்பட்டார் என்பதை அடிமை ஒழிப்பு வரலாறுகள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன.

உரிமை அறிக்கையைத் தமிழர் ஒருவர் எடுத்துக் கையாண்ட முதல் பெரிய வழக்கு 1873-ல் முடிந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகப் புதுச்சேரியில் தண்டிக்கப்பட்டார். பாரிஸ் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1881-ல் வந்த ஆணை, தங்கள் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர விரும்பும் இந்தியர்களுக்கு வழி திறந்தது. பொன்னுத்தம்பி 'லாப்போர்த்' என்று பெயர் மாற்றிக்கொண்டார். தாழ்த்தப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் இந்த வழியை நாடியதில் வியப்பில்லை. நடு சண்முக முதலியாரின் தலைமையில் சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். 1884-ல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியர், குலவழக்கம் துறந்தோர், துறவாதோர். 1899-ல் அவை இரண்டாயின. ஒரே பட்டியலும் பெண்களுக்கு வாக்கும் வந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்தபின். 1789-ல் எழுதியதைக் காரைக்காலில் நடைமுறைப்படுத்த ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று, அதுவும் ஆட்சி முடியச் சில ஆண்டுகளே இருக்கையில்.

இதிலிருந்து என் வாதம் தெளிவாகும். 1790-ஐ மக்கள் புரட்சி என்பது பொருந்தாது, அது குடியேறிகளின் கிளர்ச்சி. ஆனால் அதை வெறும் எதிரொலி என்று தள்ளுவதும் தவறு. அந்த அறிக்கை எழுத்தில் இருந்ததால்தான் தொப்பாஸ் முறையிட முடிந்தது, பொன்னுத்தம்பி பாரிஸ் வரை வழக்காட முடிந்தது. அறிக்கையின் மதிப்பை அதை எழுதியவர்களின் நோக்கத்தால் அளப்பதைவிட, விலக்கப்பட்டவர்கள் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்பதால் அளப்பதே சரி.

எல்லையின் இரு பக்கம்

அந்த அளவுகோலையும் கறாராகவே பயன்படுத்த வேண்டும். காலணியும் வாக்கும் படித்தவர்களின், ஊர்ப்பெரியவர்களின் போராட்டங்கள். வயலில் நின்றவரின் உரிமை வேறு வழியில் வந்தது. கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கங்கள் 1940-களிலிருந்து செங்கொடியோடு நடத்திய போராட்டங்களின் அழுத்தத்தில், சென்னை அரசு 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைதாரரின் பங்கு ஐந்தில் இரண்டு என்று உயர்ந்தது, பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்றாயிற்று, கூலிக்கு அளவு வைக்கப்பட்டது. குறைகள் நிறைந்த சட்டம்தான், சிறு பண்ணைகளுக்கு விலக்கும் தந்தது. இருந்தாலும் நிலத்தோடு கட்டுண்டிருந்தவரை உரிமையுள்ள ஆளாகப் பெயர் சொல்லி அழைத்த சட்டம் அது.

அந்தச் சட்டம் தஞ்சை மாவட்ட எல்லையில் நின்றது. திருநள்ளாறும் நெடுங்காடும் கோட்டுச்சேரியும் நிரவியும் அப்போதும் பிரான்சின் கீழ் இருந்தன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்து, நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி விலகும் வரை, உரிமை அறிக்கை பிறந்த நாட்டின் கொடிக்குக் கீழே உழுத காரைக்கால் பண்ணையாளுக்கு அடுத்த ஊர்ப் பண்ணையாளுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு இல்லை.